வீடு பேசாத காட்சி

எட்டாம் வகுப்புக்கு நாடகம் எழுதச் சொல்லித் தருகிறேன். எந்தப் பிள்ளை எழுதினாலும் ‘வீடு’ என்றொரு பாத்திரம் வந்துவிடும்.

அப்பா: சாவி எங்கேன்னு அவகிட்ட கேளு.
வீடு: சாவி எங்கே என்று கேட்கிறார்.
அம்மா: ஆணியில தொங்குதுன்னு சொல்லு.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் சேர்ப்பது இப்போது சுவரில் பதித்திருக்கும் பேசும் கருவியின் குரல்தான். கோபத்தை எடுத்துவிட்டுப் பக்குவமாகச் சொல்லும். எனக்குத்தான் எரிச்சல். “வீடு வாயே திறக்கக் கூடாது. அப்படி ஒரு காட்சி எழுதுங்க” என்றேன்.

யாழரசி ஒரு பக்கம் எழுதினாள். பெற்றோர் கூட்டத்தன்று அவள் அப்பா பொன்ராசுவையும் அம்மா செவ்வந்தியையும் அதை வாசிக்கச் சொன்னேன். செவ்வந்தி இடது கையில் தாளை வாங்கிக்கொண்டார். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

“கையில எப்படிச் சுட்டுக்கிட்ட?” என்று பொன்ராசு தாளைப் பார்த்தே வாசித்தார்.

“மூணு நாளாச்சு. இப்பத்தான் கேக்குறீங்க” என்று செவ்வந்தியும் தாளைப் பார்த்தே வாசித்தார்.

அதே குரலில் அடுத்த வரியையும் பொன்ராசு வாசித்தார்: “அப்பா அம்மாவின் கையைப் பிடித்துப் பார்க்கிறார்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். யாழரசி சிரிக்கவில்லை.

“அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறத வாசிக்கக் கூடாதுப்பா,” என்றாள். “செய்யணும்.”

பொன்ராசு தாளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். செவ்வந்தி தயங்கித் தயங்கி முந்தானையை விலக்கினார். கையில் கட்டு நிஜமாகவே இருந்தது.