துளி இடம்

ஒரு கணினி சர்வருக்குள் சிட்டு என்றொரு குட்டி நிரல் குடியிருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தரம், "நினைவகத்துல எவ்வளவு இடம் மிச்சம் இருக்கு, அண்ணே?" என்று சர்வரைக் கேட்டு, பதிலை வெளியே அனுப்புவதுதான் அதன் வேலை.

அன்றைக்குப் பரீட்சை முடிவு வரும் நாள். ஊர்ப்பட்ட பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்து மொய்க்க, சர்வருக்கு மூச்சு முட்டியது. இருக்கிற இடமும் தீர்ந்தால் அது மயங்கி விழவேண்டியதுதான். சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யார் என்று சிட்டு ஒவ்வொரு நிரலாகப் பார்த்துக்கொண்டு வந்தது. பிள்ளைகளுக்கு மார்க் எடுத்துக் கொடுக்காமல் இருந்தது ஒரே ஒரு நிரல்தான். அது சிட்டு.

"நான் கிளம்புறேன், அண்ணே. துளி இடமாவது கிடைக்கும்."

"கிடைக்கும்தான்," என்றது சர்வர். "எல்லாரும் அதைக் குடு, இதைக் குடுன்னுதான் வர்றாங்க. எனக்கு எப்படி இருக்குன்னு கேக்குறது நீ ஒருத்தன்தான். இரு."

சிட்டு தன்னிடம் சேர்ந்திருந்த பழைய குறிப்புகளையெல்லாம் உதறிவிட்டு, ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தது. அடுத்த நிமிஷம் வந்ததும், இடத்தை அடைக்காதபடி குரலை இறக்கிக் கேட்டது.

"முடியுதா, அண்ணே?"