எண்ணெய்க் கை

தலைக்கு எண்ணெய் வைத்து உள்ளங்கால் வரை தேய்த்து முடிக்கிற நேரம் பார்த்து போலீஸ்காரர் விசில் ஊதினார்.

மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. குளித்த கூட்டத்தை விரட்டிவிட்டுக் கயிறு கட்டிவிட்டார்கள். இனி வெள்ளம் வடிந்தால்தான் குளியல்.

இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். இந்தக் கோலத்தில் எந்த ஆட்டோக்காரன் ஏற்றுவான்? வசமாக மாட்டிக்கொண்டோமே என்று கிங்ஸ்லி தன்னையே திட்டிக்கொண்டான்.

"எந்திரியாதிய தம்பி. தண்ணி இறங்குத வரைக்கும் இன்னொரு சுத்து தேய்க்கேன்" என்றார் மசாஜ்காரர் பிச்சையா.

பக்கத்துப் பலகையில் மசூது. அவருக்கும் மசாஜ்தான் தொழில். கையிலிருந்த செல்போனில் கூண்டுச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே பிச்சையா, ஆய்க்குடி பேச்சிராஜும் தென்காசி கிங்ஸ்லியும் மோதினா எவம்லே ஜெயிப்பான்?"

கேட்டுவிட்டு ஏனோ சிரித்தார். கிங்ஸ்லி முகத்தைப் பலகையில் புதைத்துக்கொண்டான்.

ஊரெல்லாம் இதே பேச்சு. இருவரும் இதுவரை மோதியதில்லை. மோதப்போவது வெளியே யாருக்கும் தெரியாது. நாளைக்குச் சென்னையில் ஒப்பந்தக் கையெழுத்து. முப்பத்து மூன்று வயதில் இதை விட்டால் அவனுக்கு வேறு வாய்ப்பு ஏது? தோள் போயிருப்பது தெரிந்தால் இதுவும் போய்விடும். அதனால்தான் டாக்டரிடம் போகாமல், தாடியை மழித்துக்கொண்டு, சீசன் கூட்டத்தோடு கூட்டமாக வந்திருந்தான்.

பேச்சிராஜின் உதை பெரிதா, கிங்ஸ்லியின் குத்து பெரிதா? மசூதே கேட்டு மசூதே பதிலும் சொன்னார். கிங்ஸ்லியின் வலதுகைக் குத்து ஒன்று விழுந்தால் பேச்சிராஜ் சோலி முடிந்தது என்று அடித்துச் சொன்னார். பிச்சையா தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் கட்டைவிரல் வலது தோளில் வந்து நின்றது. அழுத்தியது.

கிங்ஸ்லி பல்லைக் கடித்துக்கொண்டான். உயிர் போய் உயிர் வந்தது.

விரல் மெதுவாக மேலே ஏறி, அடிபட்டு அடிபட்டு முறுக்கிப்போன அவன் காதைத் தடவியது. தாடியை மழிக்கலாம். காதை என்ன செய்ய?

ஓடிவிடலாமா? ஒரு பக்கம் கயிறு, மறுபக்கம் கூட்டம். இவர் ஒரு வார்த்தை விட்டால் போதும், சாயங்காலத்துக்குள் ஆய்க்குடிக்குப் போய்விடும்.

பிச்சையா மசூதை டீ வாங்கிவர அனுப்பினார். அவர் தலை மறைந்ததும் குனிந்தார்.

"பேச்சிக்கு இடது முழங்கால் தம்பி. ஜவ்வு கிழிஞ்சிருக்கு. தெனமும் நாந்தான் தேய்ச்சு விடுதேன்."

கிங்ஸ்லி திரும்பிப் பார்த்தான்.

"ஒங்க தோளு என் கைக்குத் தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போனா எம் மவன்ட்ட சொல்லாம இருக்க மாட்டேன், பெத்த மனசு. அதான் அவன் காலையும் ஒங்ககிட்ட சொல்லிட்டேன்."

மசூது டீயோடு வந்து, விட்ட இடத்திலேயே பிடித்தார். "சொல்லுலே, எவன் ஜெயிப்பான்?"

பிச்சையா கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டார். கிங்ஸ்லியின் வலது தோளை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

மறுபடியும் விசில் கேட்டது. கயிற்றை அவிழ்த்தார்கள். கூட்டம் ஓவென்று கத்திக்கொண்டு அருவிக்கு ஓடியது. கிங்ஸ்லி எழுந்திருக்கவில்லை.