குழிக்குள் இருந்த அண்ணன்

“மிதிக்கட்டுமாண்ணே?”

வண்டிக்குக் கீழே, குழிக்குள்ளிருந்து ஸ்பேனரால் ஒருமுறை தட்டினேன். ஒரு தட்டு என்றால் பிரேக்கை மிதிக்க வேண்டும், இரண்டு என்றால் விட வேண்டும்.

பழைய ஃபியட்டில் உட்கார்ந்திருந்தவர் மிதித்துக்கொண்டே பேசினார்.

“டிஸ்க் பிரேக்கை நானே மாட்டினேண்ணே. பைப்பு டயர்ல உரசிகினு இருந்தது. நல்லவேளை, நீங்க தள்ளிக் கட்டிட்டீங்க. சாயங்காலம் இதே திருத்தணியில பொண்ணு பாக்கப் போறேன். பொண்ணோட நைனா மெக்கானிக் வீரபத்திரனாம். என் வேலையைப் பார்த்தா பொண்ணு குடுப்பாரா? அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு தட்டு தட்டினேன்.

நைனா பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கிரீஸ் கையோடு குழியிலிருந்து ஏறிக் கார் ஜன்னலருகே நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் கை பட்டு ஹாரன் அலறியது.

“சொல்ல மாட்டேங்க. வீரபத்திரன் பொண்ணு அம்சா நான்தான். இனிமே என்னை அண்ணேன்னு மட்டும் கூப்பிடாதீங்க.”