மஞ்சள் கோடு

"ரோண்டா, நாம இல்லாதப்ப ஷெட்டுக்குள்ள யார் வந்தது?"

"பூனைக்குத் தீனி வைக்க லோரன் வந்திருப்பான். சாவி அவன்கிட்டதானே குடுத்துட்டுப் போனோம்?"

டேட்டன் நகரில் மகளைப் பார்த்துவிட்டு மனைவியோடு திரும்பிய டுவேன், பையைக்கூட இறக்காமல் எஞ்சினையே வெறித்துக்கொண்டிருந்தான். அது இரும்புத் தாங்கியில் தலைகீழாக நின்றது.

எஞ்சினின் அடிப்பக்கத்து ஆயில் தொட்டியை மூடி, போல்ட்டுகளை முறுக்கியதும், ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தொட்டி வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பது அவன் வழக்கம். போல்ட் இம்மி அசைந்தாலும் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது ஒரு கோடுகூட நேராக இல்லை.

அறுபத்தொன்பதாம் வருஷத்து மஸில் கார், அந்தக் காலத்து அசுர வேக வண்டி; அதன் எஞ்சின்தான் இது. நாலு வருஷ உழைப்பு. பழைய ஏற்பாட்டில் எஞ்சினுக்கு ஆயில் போதாது என்று பெரிய பம்ப்பும், பழையதைவிட ஆழமான புதுத் தொட்டியும் வாங்கிப் போட்டிருந்தான். அடுத்த ஞாயிறு, கார் க்ளப் ஆட்கள் முன்னால் முதல் ஓட்டம்.

பக்கத்து வீட்டு லோரனும் அதே எஞ்சினைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறான். அதே பம்ப்புக்காக மூன்று மாதமாக அலைகிறான். கடையில் சரக்கு இல்லை.

டுவேன் மேசையைப் பார்த்தான். ஸ்பேனர்கள் இடம் மாறியிருந்தன. பிரிக்காமல் வைத்திருந்த களிமண் பொட்டலம் கிழிந்து கிடந்தது.

வேலியோரம் போய்க் குரல் கொடுத்தான். லோரன் காப்பிக் கோப்பையோடு வந்தான்.

"டேய், எஞ்சினைத் திறந்தியா?"

லோரன் காப்பியைப் பார்த்தான். "பூனை நல்லா சாப்பிட்டுச்சு."

"பூனையை யார் கேட்டா?"

"சும்மா... ஒரு தடவை பாத்தேன்."

"காஞ்ச லோரன் கை வெச்ச எஞ்சின்! வெளங்கின மாதிரிதான்."

க்ளப்பில் அவனுக்கு அதுதான் பெயர். பதினோரு வருஷம் முன்பு, எல்லார் கண்ணெதிரிலும் ஆயில் ஏறாமல் காய்ந்து, அவன் எஞ்சின் இறுகி நின்றுபோனது.

"என் பம்ப்பைக் கழட்டிட்டு உன் பழசை மாட்டிட்டியா? உண்மையைச் சொல்லு."

லோரனின் காது சிவந்தது. "அப்படியா நெனைக்கிறே?"

"நான் நெனைக்கலை. கோடு சொல்லுது."

"அப்ப திறந்து பாரு."

இருபது போல்ட். ஷெட்டுக்குள் போய் டுவேன் ஒவ்வொன்றாகக் கழற்ற, லோரன் பக்கத்தில் நின்றான்.

உள்ளே இருந்தது டுவேனின் பம்ப்தான். அவன் கீறி வைத்திருந்த முதலெழுத்து அப்படியே இருந்தது. ஆனால் அதிலிருந்து தொட்டியின் அடிக்குப் போய் ஆயிலை இழுக்கும் உறிஞ்சுகுழாய் அவனுடையதில்லை. இது நீளம்.

"இது யாருது?"

"என்னுது. இதே மாதிரி ஆழமான தொட்டிக்குன்னு வாங்கி வெச்சிருந்தேன். நீ பழைய குழாயையே மாட்டி மூடியிருந்தே. தொட்டி அடியிலிருந்து ரெண்டு விரல் விலகி நின்னுச்சு. முதல் வளைவுல ஆயில் ஒதுங்கினா, காத்தைத்தான் உறிஞ்சியிருக்கும்."

டுவேன் குழாயின் நுனியைத் தடவிப் பார்த்தான். "மூடின தொட்டிக்குள்ள இருக்கறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"களிமண் பொட்டலம் பிரிக்காமலே கிடந்துச்சே! குழாய் நுனியில களிமண்ணை ஒட்டி, மூடித் திறந்து, எவ்வளவு நசுங்கியிருக்குன்னு பாக்காம எவனாவது தொட்டியை மூடுவானா? நீ பாக்கலை. நான் பாத்தேன். களிமண் நசுங்கவே இல்ல."

டுவேன் முக்காலியில் உட்கார்ந்தான். முப்பது வருஷமாகப் பிறத்தியாருக்குச் சொல்லிக் கொடுக்கும் விஷயம் அது.

"போன் பண்ணித் தொலைச்சிருக்கலாமே. ஏன்டா ஒளிச்சே?"

"சொன்னா, நீ ரோண்டாகிட்ட சொல்லுவே. அவ இன்னொருத்திகிட்ட சொல்லுவா. ஞாயித்துக்கிழமைக்குள்ள க்ளப் பூரா சிரிக்கும். ஒரு பேர் ஒட்டிக்கிச்சுன்னா போகாதுப்பா. கோட்டையும் திரும்பப் போட்டிருப்பேன். உன் மஞ்சள் பெயின்ட் தீந்துபோச்சு."

ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, லோரன் வேலியைத் தாண்டிப் போனான்.

டுவேன் அவனைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், க்ளப் முழுக்கக் கைகொட்டிச் சிரிக்க, 'காஞ்ச லோரன்' என்று முதன்முதலில் கூப்பிட்டது அதே வாய்தான்.