நாலு கிளாஸ் பிராந்தி

“யோசிக்காதய்யா, ஒரே மடக்கா குடிச்சிரு” என்று அமுதம் கண்ணாடி கிளாஸை மகன் கையில் திணித்தாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஷாயம் கொடுப்பவள் போலத்தான் இருந்தாள். கிளாஸில் இருந்தது பிராந்தி. கப்பலில் இது மூன்றாவது நாள், மூன்றாவது கிளாஸ்.

பத்தொன்பது வயது மிக்கேல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “இங்க புழுக்கமா இருக்கும்மா. டெக்குல போய்க் காத்தாட குடிக்கேன்” என்று வழக்கம்போல் படியேறிப் போனான்.

எதிர்ப் படுக்கையில் இருந்த அன்னம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். போர்ட் பிளேரில் கப்பல் ஏறியதிலிருந்து அவள் கண் இவர்கள்மேல்தான். “பெத்த தாயே ஊத்திக் குடுக்கிறத இப்பத்தான் பாக்கேன். நல்லாயிருக்கு போ!”

“வளந்த பையன்தானக்கா. எனக்குத் தெரியாம குடிக்கிறதுக்கு, தெரிஞ்சே குடிக்கட்டும்.”

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு. இந்தக் கப்பல்ல அவருக்கு ஒரு சொட்டு குடுக்கக் கூடாதுன்னு பிராந்தி விக்கிற பார்க்காரன்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லி வச்சிருக்கேன். அவனும் ‘டீக் ஹை, டீக் ஹை’ன்னு தலையாட்டுதான். ஆனா மனுசன் டெக்குக்குப் போனா ஆடிக்கிட்டேதான் எறங்குறாரு. கேட்டா, கடல் ஆட்டுதாம்!”

அமுதத்துக்குச் சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், மாயாபந்தரில், அவள் புருஷன் போன படகு புயலில் இரண்டு நாள் திரும்பவில்லை. ஐந்து வயது மிக்கேலை இடுப்பில் வைத்துக்கொண்டு மாதா சுரூபத்தின் முன்னால் விழுந்தாள். அவர் வந்து சேர்ந்தால் இந்தப் பிள்ளையைச் சாமியாராக்கி உன் மகனுக்கே தந்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். மறுநாள் மத்தியானம் அவர் வந்து சேர்ந்தார்.

போன வருஷம் மஞ்சள்காமாலையில் அவரும் போய்விட்டார். மிச்சம் இருப்பது மிக்கேல் மட்டும். அவனைச் சாமியார் படிப்புக்கு மெட்ராஸ் குருமடத்தில் விட்டுவிட்டு, இதே கப்பலில் அவள் தனியாகத் திரும்ப வேண்டும்.

மாதாவிடம் சொன்ன சொல்லை மீற அவளுக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் மாதாவின் ஆட்களே இவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? ‘குடிக்கிற பையனை வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க’ என்று பங்குச் சாமியார் எப்போதோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குருமடத்துச் சாமியார் துறைமுகத்துக்கே வருகிறார். மோந்து பார்க்கட்டும்.

இது வஞ்சகம் என்று அவளுக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது என்றுகூட வார்த்தைகளைத் தேடிப் பார்த்துவிட்டாள். அவனுக்காகத்தானே, ஒன்றும் அறியாத வயசில் கட்டிப்போட்டவனை அவிழ்த்துவிடத்தானே என்று மனசைச் சமாதானம் செய்தாள். அவனிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். பதினான்கு வருஷமாக அதற்கு மட்டும் வாய் வரவில்லை.

மிக்கேல் காலி கிளாஸோடு இறங்கி வந்தான். படுத்துத் தூங்கிப்போனான். பக்கத்தில் போய் வாடை பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் கரை தெரிகிறது என்று சத்தம் கேட்டது. “மாஜி, பார் பந்த் ஹோனேவாலா ஹை” என்று பார்க்காரன் கடையை மூடப்போவதாக அவசரப்படுத்தினான். கடைசி கிளாஸையும் வாங்கி மகன் கையில் கொடுத்து மேலே அனுப்பினாள்.

“அடிப் பாவி, மெட்ராஸ்ல மதுவிலக்குடி!” என்று பதறினாள் அன்னம்மாள். “எறங்கின உடனே போலீஸ் வாயை ஊதச் சொல்லுவான். பிள்ளையை ஜெயில்ல வைக்கவா கூட்டிட்டு வந்தே?”

சாமியாரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த அமுதத்துக்குப் போலீஸ் ஞாபகமே வரவில்லை. சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு படியேறி ஓடினாள்.

“குடிக்காதல! மிக்கேலு, குடிக்காத!”

கம்பியோரம் நின்றிருந்தவன் திரும்பினான். தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கிளாஸ் நிறைய இருந்தது. அதை அப்படியே கடலில் கவிழ்த்தான்.

“பயப்படாதம்மா. நாலு நாளும் நான் தொடல.”

“பின்ன காலி கிளாஸோட வந்தியே?”

“கீழ எதிர்ல படுத்திருக்காங்களே அந்த அத்தை, அவங்க வீட்டுக்காரரு தெனமும் இங்க வந்து கையேந்திக்கிட்டு நிப்பாரு. இன்னைக்கு மனுசன் இன்னும் எந்திரிக்கல.”

“வேண்டாம்னு எங்கிட்டயே சொல்ல வேண்டியதுதானேய்யா?”

“அப்பா போனதுல இருந்து உன் மொகம் மொகமாவே இல்ல. நான் இந்தக் கிளாஸை வாங்கினாத்தான் கொஞ்சம் தெளியுது. எப்படிம்மா வேண்டாம்னு சொல்ல?”

அமுதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்ததை இனி ஓர் அடிகூடச் சுமக்க முடியாது என்று தோன்றியது.

“உன்னைக் கேக்காம நேந்துக்கிட்டேன். தப்புதான்யா. பாவம் என்னோட இருக்கட்டும். சாமியார்கிட்ட நானே சொல்லிருதேன், நாம ஊருக்கே திரும்பிருவோம்.”

மிக்கேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சில்லிட்டிருந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

“நீ நேந்துக்கிடாட்டியும் நான் சாமியாராத்தான் போவேன்மா.”