காலி இடம்

மலையுச்சியில் விடுதி கட்ட வந்தவர்கள், அங்கே குவிந்து கிடந்த கூழாங்கற்களை அள்ளிக்கொண்டுபோய் நீச்சல்குளத்தைச் சுற்றி அழகுக்குப் பதித்தார்கள். ஒன்று மட்டும் புல்லுக்குள் உருண்டு தப்பியது.

புதிதாக நட்டிருந்த சர்வே கல் அதை அதட்டியது. "ஆத்துக் கல்லுக்கு மலை உச்சியில என்ன வேலை?"

"எங்க சனத்துல யார் செத்தாலும் அவங்க பேருல ஆத்துலேர்ந்து ஒரு கல்லெடுத்தாந்து இங்க வைப்பாங்க. நான் மசணி. நேத்துவரைக்கும் எங்கம்மா பக்கத்துலதான் இருந்தேன்."

"வரைபடத்துல காலி இடம்னு போட்டிருக்கே!"

"அளக்க வந்தவங்க எங்ககிட்ட கேக்கலையே."

மறுநாள் வேலிக்கு வெளியே மசணியின் மகள் வந்து நின்றாள். அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் வைக்க, இப்போது செத்துப்போன அப்பனுக்காக எடுத்துவந்த ஈரக் கல் அவள் கையில் இருந்தது. கண்கள் குவியலைத் தேடின.

"இங்க இருக்கேன் புள்ள, இங்க!" என்று மசணி கத்தியது.

சர்வே கல்லுக்கு மட்டும்தான் கேட்டது.