ஜன்னலில் ஒரு கியர் கொக்கி

கடைக்குள் டூனா மீன் வாடை அடித்தது. மெக்கானிக் டிராய் மூக்கைச் சுளித்தான். கையிலிருந்த ஸ்பானரை மேசைமேல் தொப்பென்று போட்டான்.

"மகராசி வந்தாச்சு," என்றான், கடை முதலாளியான பெக்கியிடம், பல்லைக் கடித்தபடி. "சாண்ட்விச்சையும் பிரிச்சாச்சு. இது சைக்கிள் கடையா, சாப்பாட்டுக் கடையா?"

ஜன்னலோரத்து பெஞ்சில் வெர்னா உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும், பஸ் பிடித்து நேரே இங்கே வந்துவிடுவாள்.

போன மாதம் அவள் உடைந்த கியர் கொக்கி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள். பின்சக்கரத்துப் பக்கம் கியரைத் தாங்கிப் பிடிக்கும் சின்னத் துண்டு அது. அது இல்லாவிட்டால் சங்கிலி ஓடாது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். அவளுடைய வண்டியோ எப்போதோ தயாரிப்பு நின்றுபோன மாடல். டிராய் ஊர் ஊராகப் போன் போட்டுக் கெஞ்சி, ஒருவழியாக ஒன்றை வரவழைத்துக் கொடுத்தான்.

வாங்கிப் போனவள் சில நாளிலேயே திரும்பி வந்து நின்றாள். உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"இதைத் திரும்ப எடுத்துக்குங்க தம்பி."

டிராய் சுவரைக் காட்டினான். தனியாக ஆர்டர் கொடுத்து வரவழைத்த சாமான் திரும்பப் பெறப்படாது என்று சிவப்பு மையில் அவனே எழுதி ஒட்டியிருந்தான்.

"ஏன், பொருந்தலையா?"

"பொருந்தும். இப்ப வேண்டாம். காசுகூட இப்ப வேண்டாம், வித்தப்புறம் குடுங்க. இதை ஜன்னல்ல மாட்டி, மாடல் பேரைப் பெரிசா எழுதிப் போடுங்க. யாராவது கேட்டு வரணும், அவ்வளவுதான்."

டிராய் முடியவே முடியாது என்றான். இளகின மனசுக்காரி பெக்கி சரியென்று தலையாட்டிவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

தினமும் வந்தாள். அதே பெஞ்ச், அதே மீன் வாடை, அதே கேள்வி. "யாராவது கேட்டாங்களா?" இல்லை என்றால் முகம் தொங்கிப்போகும். ஒரு இரும்புத் துண்டுக் காசுக்கு இப்படியா ஒரு மனுஷி நாயாக வந்து காத்துக் கிடப்பாள் என்று டிராய்க்கு அருவருப்பாக இருந்தது. இன்றைக்கு அதை வாய்விட்டே கேட்டான்.

"உங்களுக்கே கூச்சமா இல்லையா? உங்களைத் தவிர இந்த ஊர்ல யாருகிட்டயும் அந்த வண்டி கிடையாது. எவன் வாங்குவான் அதை?"

"தெரியும் தம்பி."

தெரிந்துமா! டிராய் தலையில் அடித்துக்கொண்டான். "போதும். இன்னிக்குக் கடை சாத்தும்போது அதைக் கழட்டிக் குப்பையில போடப் போறேன். நாளையிலேருந்து நீங்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம்."

வெர்னா சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "இன்னும் ஒரு வாரம் விடுங்க தம்பி. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

பெக்கிக்கும் அலுத்துப்போயிருந்தது.

அப்போது கதவு திறந்தது. ஒரு கையில் பீர் பெட்டியும் மறு கையில் சைக்கிளுமாக ஹால்வர்சன் உள்ளே வந்தார். சனிக்கிழமை சவாரிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து, புதுசாக்கி விற்பது அவர் பொழுதுபோக்கு. மெக்கானிக்குகளுக்குப் பீர் இல்லாமல் கடைக்கு வரமாட்டார். வாங்கிய எதையும் திருப்பிக் கொடுத்ததும் இல்லை. டிராய்க்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"டிராய், ஜன்னல்ல தொங்குதே, நிஜமாவே அது இந்த மாடலுக்குத்தானா? நான் தேடாத இடமில்லப்பா!"

"அட, உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கா சார்? எங்க பிடிச்சீங்க?"

"பிடிக்கிறதாவது! மாமனார் வீட்டு கராஜ்ல பதினஞ்சு வருஷமாத் தூங்கிட்டிருந்துச்சு. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன், பாரு."

கறுப்பு பெயிண்ட் பளபளவென்று இருந்தது. டிராய் வண்டியைத் தாங்கியில் ஏற்றி, ஜன்னலிலிருந்து கொக்கியை எடுத்து வந்து மாட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. கியரைப் பூட்டி பெடலைச் சுற்றினான். சங்கிலி வழுக்கிக்கொண்டு ஓடியது.

அவன் வெர்னா பக்கம் திரும்பினான்.

"பாத்தீங்களா? இந்த மாதிரி மனுஷங்களாலதான் கடை நடக்குது. உங்க காசு வந்தாச்சு, வாங்கிக்கிட்டு இடத்தைக் காலி பண்ணுங்க. ஜன்னலைத் திறந்து இந்த நாத்தத்தை வெளிய அனுப்பணும்."

ஹால்வர்சன் சிரித்தார். டிராயும் சிரித்தான்.

வெர்னா மிச்ச சாண்ட்விச்சைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தி, அதற்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"காசு கிடக்கட்டும் தம்பி. கொக்கி வாங்கிட்டுப் போன வாரமே என் வண்டி திருடு போச்சு. வண்டியைத் தலைகீழாக் கவுத்துங்க, அடியில பொறிச்சிருக்கிற நம்பரை நான் இங்கேருந்தே சொல்றேன்."